போல்ட்டை இழுத்தால் கூடு மட்டும் வருகிறது, குண்டு உள்ளேயே நிற்கிறது

கடிதம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. .30-06 என்பது தோட்டா வகையின் பெயர்; போல்ட் என்பது கைப்பிடியால் முன்பின் தள்ளித் தோட்டாவை ஏற்றி இறக்கும் உருளைப் பகுதி. ஈயக் கலவையை உருக்கி, அச்சில் வார்த்து, தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறார். இரண்டு வருடமாகக் குண்டுகளுக்கு மெழுகு கலந்த கிரீஸ் போட்டார். ஒரு தொல்லையும் இல்லை. கிரீஸின் புகையும் பிசுக்கும் பிடிக்காமல் சமீபத்தில் பவுடர் கோட்டிங்குக்கு, அதாவது தூள் பெயிண்டைப் பூசி அடுப்பில் சுட்டுப் பிடிக்கவைக்கும் முறைக்கு, மாறினார். அச்சு, கலவை, தோட்டாவின் மொத்த நீளம் எதையும் மாற்றவில்லை. கோட்டிங் சுட்டபின் எல்லாக் குண்டையும் 0.310 அங்குல டையில் (அந்த அளவுத் துளையுள்ள எஃகுக் கருவி) தள்ளி அளவாக்கியிருக்கிறார்.

இப்போது போல்ட் கைப்பிடி கடைசிக் கால்வாசித் தூரத்தில் இறுகுகிறது. சுட்டால் சுடுகிறது. ஆனால் ரேஞ்சில் சுடுவதை நிறுத்தச் சொன்னபோது, சுடாத தோட்டாவை வெளியே எடுக்கப் போல்ட்டைத் திறந்தார். பித்தளைக் கூடு மட்டும் வந்தது. மருந்து மேகசினுக்குள் கொட்டியது. குண்டு குழலிலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அதேதான்.

நான்கு கேள்விகள் கேட்கிறார். கிரிம்பை, அதாவது கூட்டின் வாயைக் குண்டின் மேல் அழுத்திப் பிடிக்கவைப்பதை, இன்னும் இறுக்கினால் கூடு குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளாதா? ரேஞ்சில் ஒருவர் சொன்னபடி, குறைந்த மருந்து போட்ட தோட்டாவைப் பின்னால் வைத்துச் சுட்டு அந்தக் குண்டை வெளியேற்றலாமா? மூக்கை உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாமா? மிச்சமிருக்கும் 160 தோட்டாக்களை, அதே .30-06 வைத்திருக்கும் நண்பர் விலைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அளவுகளோடு எழுதியதற்கு நன்றி. மைக்ரோமீட்டரில் பார்த்து எழுதிய இரண்டு எண்கள் பாதி வேலையை முடித்துவிட்டன. கோட்டிங் இல்லாத பழைய குண்டின் மூக்கு 0.3005 அங்குலம், கோட்டிங் போட்டதன் மூக்கு 0.303 அங்குலம். அதற்கு வருமுன், உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

சொல் குழப்பம் வராமல் ஒரு வரி: பேச்சில் தோட்டா, குண்டு, புல்லட் எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறோம். இங்கே தோட்டா என்றால் கூடு, பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்றால் பறந்து போகும் ஈயத்துண்டு மட்டும்.

சுட்டு வெளியேற்றக் கூடாது

குறைந்த மருந்தானாலும் கூடாது. குண்டே இல்லாமல் கூட்டில் மருந்தை மட்டும் போட்டுச் சுடுவதும் கூடாது.

தொண்டையில், அதாவது தோட்டா அமரும் சேம்பருக்கு முன்னால் குழலின் வரிகள் தொடங்கும் இடத்தில், ஒரு குண்டு நிற்கும்போது இன்னொரு தோட்டாவை உள்ளே தள்ளினால் மூன்றில் ஒன்று நடக்கும். போல்ட் மூடாது, அது உங்கள் அதிர்ஷ்டம். அல்லது புதுத் தோட்டாவின் மூக்கு நிற்கும் குண்டின் அடியில் முட்டி, தன் குண்டைத் தன் கூட்டுக்குள்ளேயே அமுக்கிக்கொள்ளும். அப்போது மருந்துக்கான இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். அல்லது நிற்கும் குண்டு தளர்ந்து இரண்டு விரல்கடை முன்னே நகரும், போல்ட் சுகமாக மூடும். மூன்றாவதுதான் மிக மோசம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே குழல் அடைபட்டிருக்கும். பின்னால் வருகிற குண்டு வேகமெடுத்து வந்து நிற்கும் ஈயத்தில் மோதும்போது, மோதிய இடத்தில் குழல் வளையம்போல் புடைக்கும். இன்னும் மோசமாகப் போனால் பிளக்கும். அந்த இடம் உங்கள் இடது கைக்கு நேர் மேலே இருக்கிறது.

மருந்து மட்டும் போட்டுச் சுடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. குண்டு கொஞ்சம் முன்னே நகர்ந்திருந்தால் நடுவே வெற்றிடம். அது எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரியாமல் அதன் பின்னால் மருந்தை எரிப்பது பாதுகாப்பான வேலை இல்லை. உங்களுக்குச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

ரேஞ்சில் மறுபடி நடந்தால்

ரைஃபிளைக் கையிலெடுத்து ஆராயத் தொடங்காதீர்கள். சுடுவது நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் முன்னால் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அப்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட்டு, “குழலில் குண்டு நிற்கிறது, கூட்டில் உயிருள்ள பிரைமர் இருக்கிறது” என்று சொல்லுங்கள். அவர் அனுமதித்தபின், குழல்வாய் இலக்கு மேட்டையே பார்த்திருக்க, போல்ட்டைக் கழற்றி எடுங்கள், மேகசினைக் காலி செய்யுங்கள். வெளியே வந்த கூட்டைக் குப்பைத் தொட்டியில் போடாமல் தனி டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது கொட்டிய மருந்து. பலர் குண்டை எடுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டு இதை மறக்கிறார்கள். மேகசினின் அடிமூடியைத் திறந்து, ரைஃபிளைக் கவிழ்த்துத் தட்டுங்கள். போல்ட்டின் பூட்டுக்காதுகள் அமரும் குழிகளில் சின்னத் தூரிகையால் கூட்டுங்கள். அங்கே நாலு துகள் மருந்து கிடந்தாலே போல்ட் முழுதாக அமராது. இன்னும் கவனம் வேண்டிய இடம் ட்ரிகர் பெட்டி. மேலிருந்து விழும் மருந்துத் துகள் அதற்குள் இறங்கி, ட்ரிகரும், ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியரும் ஒன்றோடொன்று கொக்கி போடும் இடத்தில் மாட்டினால், போல்ட்டை மூடும்போதே ஊசி விடுபடக்கூடும். காற்றழுத்தக் குப்பியால் ஊதுங்கள். வீட்டுக்கு வந்ததும் மரக்கட்டையைக் கழற்றி, எண்ணெய்ப் படலம் விடாத கரைப்பானால் ட்ரிகரை அலசி உலர்த்துங்கள். பிறகு காலித் துப்பாக்கியில் போல்ட்டைப் பத்துப் பன்னிரண்டு தடவை வேகமாக மூடிப் பாருங்கள். ஊசி ஒருமுறைகூடத் தானாக விழக் கூடாது. உங்கள் கடிதத்தில் இரண்டு முறையும் மருந்து மேகசினுக்குள் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ட்ரிகரைச் சுத்தம் செய்ததாக எழுதவில்லை. அடுத்த முறை சுடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

இப்போது குண்டு. சுடாத குண்டு தொண்டையில் சில மில்லிமீட்டர்தான் பதிந்திருக்கும், அதனால் வந்த வழியே பின்பக்கமாகத்தான் அதை எடுக்க வேண்டும். சுட்டபின் மருந்து போதாமல் குழலின் நடுவில் நின்றுபோகும் குண்டு வேறு வகை. இரண்டையும் ஒன்றாக நினைத்து முன்பக்கம் தள்ள வேண்டாம். சேம்பர் பக்கமிருந்து ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு, குழல்வாய் வழியாக இரண்டு சொட்டு விட்டுக் கால்மணி நேரம் விடுங்கள். பிறகு குழல்வாய் வழியாக ஒரே துண்டாலான பித்தளை அல்லது எஃகுக் கம்பியை இறக்குங்கள். அதன் முனை தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனை மெத்தென்ற ஈயத்துக்குள் இறங்கி மூக்கை அகலப்படுத்தும், குண்டு இன்னும் இறுகும். திருகித் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி வளைந்து குழலின் சுவரை உரசும். மரக்குச்சியை எடுக்கவே எடுக்காதீர்கள். அது சாய்வாகப் பிளந்து குழலுக்குள் ஆப்பாக மாட்டிக்கொண்டால், ஒரு தொல்லை இரண்டாகிவிடும். கம்பியில் அங்கங்கே ஒரு சுற்று டேப் ஒட்டினால் நடுவிலேயே போகும். குழல்வாயின் விளிம்பு தேயாமல் இருக்க ஒரு வழிகாட்டி வளையம் போடுங்கள். குறி தவறாமல் இருப்பது அந்த விளிம்பைப் பொறுத்தது.

கம்பி குண்டில் தொட்டபின் உள்ளங்கையாலோ சின்ன நைலான் சுத்தியலாலோ தட்டினால் போதும். நடுத்தர அடியில் நாலைந்து தட்டுக்கும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டுத் துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சூடு காட்டுவது, குண்டின் அடியில் துளை போட்டு ஸ்க்ரூ மாட்டி இழுப்பது இரண்டும் சேம்பரைக் கெடுக்கும்.

குண்டு வந்ததும் அதன் அடியைப் பாருங்கள். செம்புக் குல்லாபோல மாட்டியிருக்கும் கேஸ் செக் கூடவே வந்திருக்கிறதா? வரவில்லையென்றால் அது தொண்டையிலோ கூட்டிலோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். பிறகு குழலில் துணி விட்டுத் துடைத்து, வெளிச்சம் காட்டிப் பாருங்கள்.

அந்தக் குண்டைத் தூக்கி எறியாதீர்கள். காரணம் அதன் மேலேயே எழுதியிருக்கும்.

0.310 டை மூக்கைத் தொடவே இல்லை

.30 குழலின் உள்ளே, குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளில், மேட்டுவரிகளுக்கு நடுவே 0.300 அங்குலம், பள்ளவரிகளுக்கு நடுவே 0.308 அங்குலம் என்பது பொது அளவு. உங்கள் அச்சு இரண்டு விட்டமுள்ள குண்டைத் தருகிறது. பின்பகுதி பட்டைகள் தடிப்பானவை. பள்ளங்களை நிரப்பி அடைப்பது அவற்றின் வேலை. முன்பகுதி நீள மூக்கு மெல்லியது. மேட்டுவரிகளின் மேல் சறுக்கிக்கொண்டு குண்டை நேராக வைத்திருப்பது அதன் வேலை. உங்கள் குண்டுக்கு அந்த மூக்கு அரை அங்குல நீளம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டிங் இல்லாமல் 0.3005 இருந்தபோது அது குழலுக்குள் கையுறை போலப் பொருந்தியது. கோட்டிங் அதற்கு ஆயிரத்தில் இரண்டரை அங்குலம் சேர்த்து 0.303 ஆக்கிவிட்டது. அரை அங்குல நீளத்துக்கும் மேட்டுவரிகள் அதைச் செதுக்கிக்கொண்டுதான் உள்ளே விடுகின்றன.

“0.310 டையில் தள்ளியாச்சே” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். டையின் துளை 0.310, மூக்கு 0.303. மூக்கு டையின் சுவரில் படாமலே நழுவிப் போய்விட்டது. டை பட்டைகளை மட்டும்தான் திருத்தியது. மூக்கிலிருந்து பட்டை தொடங்கும் படியில் கோட்டிங் திரண்டு ஒரு சரிவாக நிற்பதும் உண்டு. அது முன்பட்டையைச் சற்று முன்னதாகவே வரிகளில் முட்டவைக்கும்.

போல்ட் மூடும்போது இறுகியது இதனால்தான். போல்ட் கைப்பிடி ஒரு நெம்புகோல், அதன் பின்னால் சரிவான ஒரு தடம் வேறு. கையில் லேசாகத் தெரியும் இறுக்கம் முன்னால் பெரிய விசையாகப் போய்க் குண்டை வரிகளுக்குள் அழுத்துகிறது. திறக்கும்போது, கூட்டின் கழுத்துப் பிடியைவிட வரிகளின் பிடி பலமாக இருக்கிறது. கூடு தோற்கிறது.

எடுத்த குண்டில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு நெடுகச் சம இடைவெளியில் கோடுகள் இருந்தால் மூக்குதான் தடிப்பு. மூக்கு சுத்தமாக இருந்து முன்பட்டையின் விளிம்பில் மட்டும் சின்ன வெட்டுகள் இருந்தால், குண்டு அதிக நீளமாக நீட்டி நிற்கிறது. கோடே இல்லாமல் பட்டையைச் சுற்றி முழு வளையமாகப் பளபளப்பு இருந்தால், வரிகள் தொடங்குமுன் உள்ள வழுவழுப்பான தொண்டைக்கே குண்டு பெரியது. ஒரு பக்கம் மட்டும் உரசல் என்றால் குண்டு கூட்டில் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. கோடுகளின் எண்ணிக்கை குழலுக்குக் குழல் மாறும். பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த 1903ஏ3 ரைஃபிள்கள் பலவற்றில் இரண்டே பள்ளவரிதான். உங்கள் நண்பருடையது அந்த வகை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: இரண்டு கோட்டை மட்டும் பார்த்துச் சாய்வு என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

இன்னும் உறுதியாக வேண்டுமா? பிரைமரும் மருந்தும் இல்லாத ஒரு டம்மியைத் தயாரித்து, குண்டு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசி, போல்ட்டிலிருந்து ஊசியையும் சுருளையும் கழற்றிவிட்டு மெதுவாக மூடிப் பாருங்கள். சுருள் இல்லாத போல்ட் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். எங்கே மை அழிகிறதோ அங்கே முட்டுகிறது.

கிரிம்பை இறுக்குவது ஏன் தீர்வில்லை

பித்தளைக்கு மீள்தன்மை உண்டு, ஈயக் கலவைக்கு அது மிகக் குறைவு. கிரிம்பைப் பலமாக அழுத்தினால் பித்தளை கொஞ்சம் பின்வாங்கும். நசுங்கிய ஈயம் நசுங்கியபடியே இருக்கும். பிடி கூடுவதற்குப் பதில் குறையும். டையை இன்னும் இறக்கினால் கூட்டின் தோள் உப்பி, தோட்டா வேறு காரணத்துக்காகச் சேம்பரில் இறுகும். கழுத்தையே சின்னதாக்கலாம் என்றால், அது குண்டின் பட்டைகளை 0.310இலிருந்து 0.308க்கு அமுக்கிவிடும். பிறகு பள்ளங்கள் நிரம்பாமல் சூடான வாயு ஓரமாகக் கசிந்து, குழலில் ஈயம் படியும். செம்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டுக்கான விரிப்பானை (கூட்டின் கழுத்தை விரிக்கும் கருவி) வைத்து வார்ப்புக் குண்டை ஏற்றுகிறவர்களுக்கு நடப்பதும் இதுதான். இரண்டு படியுள்ள விரிப்பானைப் பயன்படுத்துங்கள்: முதல் படி கழுத்தைக் குண்டைவிட ஆயிரத்தில் இரண்டு அங்குலம் சிறியதாக வைக்கும், இரண்டாவது வாயை மட்டும் சற்றே திறக்கும். குண்டு உட்கார்ந்தபின் அந்த வாய்விரிப்பை நேராக்குகிற அளவுக்கு மட்டும் கிரிம்ப் போதும்.

ஒருவேளை கிரிம்ப் பிடித்துக்கொண்டாலும் நீங்கள் அடையாளத்தை மறைத்திருப்பீர்கள், நோயை இல்லை. குண்டு வரிகளில் அழுந்தி நிற்கும் நிலையில் சுடும்போது தொடக்க அழுத்தம் ஏறும். எவ்வளவு என்பது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கோட்டிங்கின் தடிப்பைப் பொறுத்து மாறும்.

என்ன செய்யலாம்

குண்டை இன்னும் ஆழமாக உட்கார வைக்கலாமே என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். முன்பட்டை முட்டும் சிக்கலுக்கு அது சரியான மருந்து. உங்கள் சிக்கலுக்கு இல்லை. மூக்கே 0.303 என்றால், அரை அங்குல மூக்கையும் பின்னால் இழுத்தால்தான் விடுதலை. .30-06 கூட்டின் கழுத்து ஏறத்தாழ 0.385 அங்குலம்தான். அவ்வளவு இறக்கினால் குண்டின் அடியும் கேஸ் செக்கும் கழுத்தைத் தாண்டி மருந்துக்குள் தொங்கும். கேஸ் செக் கழன்று விழலாம். மருந்தின் இடமும் குறையும். ஆழத்தை எப்போது மாற்றினாலும் கையேட்டின் தொடக்க அளவு மருந்துக்குத் திரும்பி, மறுபடி படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

உப்புத்தாளும் வேண்டாம். கையால் தேய்த்தால் மூக்கு வட்டமாக இருக்காது. அதைவிட முக்கியம், கோட்டிங்கைத் தாண்டித் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். மூச்சிலும் கையிலும் போகும், உடுப்போடு வீட்டுக்குள்ளும் வரும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை. வார்க்கும்போது போடும் உடுப்பைத் தனியாகத் துவைப்பதும், காராஜிலேயே கை கழுவிவிட்டு உள்ளே வருவதும் வழக்கமாகட்டும்.

மிச்சமுள்ள வழிகளில் எனக்குப் பிடித்தது மூக்குக்கென்றே உள்ள டை. அது பட்டைகளைத் தொடாமல் மூக்கை மட்டும் 0.301க்கோ 0.3005க்கோ கொண்டுவரும். கோட்டிங் சுட்டு ஆறியபின், முதலில் 0.310 டை, பிறகு மூக்கு டை. இது ஒரு கூடுதல் வேலைதான், ஆனால் இருக்கும் அச்சையும் கோட்டிங்கையும் விடாமல் தொடரலாம்.

செலவே இல்லாத வழி, இந்த அச்சுக்கு மட்டும் பழைய கிரீஸுக்குத் திரும்புவது. இரண்டு வருடம் சரியாக ஓடியதை மறக்க வேண்டாம். கோட்டிங்தான் வேண்டும் என்றால் அடுத்த அச்சை வாங்கும்போது மூக்கு 0.298 அளவில் விழுவதைக் கேட்டு வாங்குங்கள். கோட்டிங் அதை 0.3005 பக்கம் கொண்டுவந்துவிடும். மேட்டுவரியில் சவாரி செய்யும் நீள மூக்கு இல்லாமல், மூக்கு கூம்பாகச் சரிந்து வரும் வடிவத்திலும் இந்தத் தொல்லை குறைவு. கோட்டிங்கை மெல்லியதாக்கினால் போதாதா என்றால், டப்பாவில் போட்டுக் குலுக்கும் முறையில் அது ஒவ்வொரு தடவையும் ஒரேமாதிரி வராது. நான் அதை நம்பி இறங்க மாட்டேன்.

எந்த வழியானாலும் சோதனை ஒன்றுதான். போல்ட்டைக் கழற்றிய, காலியான ரைஃபிளின் குழல்வாயில் குண்டை மூக்குப்பக்கமாக விடுங்கள். விரல் அழுத்தத்திலேயே முன்பட்டை வரை இறங்கி, வெளியே எடுத்தால் ஆழமான கோடு இல்லாமல் இருக்க வேண்டும். குழல்வாயும் தொண்டையும் எப்போதும் ஒரே அளவில் இருக்காது, அதனால் மை பூசிய டம்மியையும் விடாமல் செய்யுங்கள்.

நீளத்தை உங்கள் ரைஃபிளிலேயே அளந்துகொள்ளுங்கள்

.30-06க்குத் தரப்படுத்தப்பட்ட அதிகபட்ச நீளம் 3.340 அங்குலம். அது மேகசினுக்காக வகுத்த எல்லை. உங்கள் குண்டு எங்கே வரியில் முட்டும் என்று அது சொல்லாது. அளக்க மருந்தே தேவையில்லை. காலிச் சேம்பரில் போல்ட்டை மூடி, ஊசியை விடுவிக்காமல், தட்டைமுனைக் கம்பியைக் குழல்வாய் வழியாகப் போல்ட் முகம் வரை இறக்கி, வாயின் விளிம்பில் கம்பியில் கூர்மையாகக் கோடு போடுங்கள். போல்ட்டை எடுத்துவிட்டு ஒரு குண்டைச் சேம்பர் வழியாக விட்டு, பென்சிலால் பின்னாலிருந்து லேசாகப் பிடித்துக்கொண்டு, கம்பியை அதன் மூக்கைத் தொடும் வரை இறக்கி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடைத்தூரம்தான் இந்தக் குண்டு இந்த ரைஃபிளில் வரியைத் தொடும் நீளம். மூன்று தடவை எடுத்துப் பாருங்கள். அதிலிருந்து 0.010 முதல் 0.020 அங்குலம் வரை குறைத்து உட்கார வையுங்கள்.

குண்டு வரியில் லேசாகப் பதிந்து நிற்கும்போது குறி நன்றாக வருகிறது என்று பலகையில் வைத்துச் சுடுகிறவர்கள் சொல்வது உண்மைதான். ஒவ்வொன்றாக ஏற்றி, ஏற்றியதைச் சுட்டே தீருவது என்றால் அதற்கு இடம் உண்டு. நீங்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கும் இதையே கொண்டுபோகிறீர்கள். மாலை இருட்டில் வண்டியருகே நின்று, சுடாத தோட்டாவை எடுக்கும்போது குண்டு உள்ளே நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? ஏற்றியதைச் சுடாமலும் இறக்க முடிய வேண்டும். உங்கள் உபயோகத்துக்கு இது விட்டுக்கொடுக்கக் கூடாத விதி.

இவ்வளவுக்குப் பிறகும் இறுக்கம் போகவில்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கழுத்து. ஏற்கெனவே சுட்ட, அளவாக்காத கூட்டின் வாயில் 0.310 குண்டு தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால் குண்டை விடுவிக்கக் கழுத்துக்குச் சேம்பரில் இடமே இல்லை. அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது. கூட்டின் நீளமும் 2.494 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு, சேம்பரில் கழுத்து முடியும் இடத்தில் கிரீஸும் ஈயச் சீவலும் சேர்ந்து படியும் வளையம். பழைய வெண்கலத் தூரிகையில் சுத்தமான செம்பு நார் சுற்றித் தேய்த்தால் கழன்று வரும். செம்பு முலாம் பூசிய இரும்பு நார் குழலைக் கீறும், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று, அச்சின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு துளி ஈயம் ஒட்டியிருந்தால் அச்சு முழுதாக மூடாது, குண்டு முட்டை வடிவில் பெருத்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் தெரிந்துவிடும்.

தொண்டையின் உருவத்தையே பார்க்க ஆசையிருந்தால் செர்ரோசேஃப் என்ற, குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையால் சேம்பரை வார்த்தெடுக்கலாம். 158 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் உருகும். முதல் அரைமணி சுருங்கி, பிறகு விரியத் தொடங்கி, வார்த்த ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும். அப்போதே அளந்துவிடுங்கள், நாள் கணக்கில் விட்டால் அதைவிடப் பெருத்துவிடும்.

மிச்சமுள்ள 160 தோட்டாக்கள்

பிரித்துவிடுங்கள். சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வரியில் அழுந்தித்தான் உள்ளே போகும், எந்த நேரத்தில் நிறுத்தச் சொன்னாலும் பழைய கதைதான். குண்டைக் கழற்றும் சுத்தியல் வடிவப் புல்லரில் இரண்டு மூன்று தட்டில் குண்டு வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பொறுமையாக, நாளுக்கு நாற்பதாகச் செய்யுங்கள். எந்த டப்பா மருந்து என்று எள்ளளவும் சந்தேகமில்லாவிட்டால் மட்டும் பழைய டப்பாவில் சேர்க்கலாம். சந்தேகம் இருந்தால் தோட்டத்து மண்ணில் மெல்லியதாகத் தூவிவிடுங்கள். கூடும் பிரைமரும் மறுபடி உதவும். கழுத்தைத் திரும்ப அளவாக்கும்போது பிரைமரைத் தள்ளும் ஊசியைக் கழற்ற மறக்காதீர்கள். குண்டுகளை மூக்கு டையில் விட்டுத் திரும்ப ஏற்றலாம், சரிவராததை உருக்கலாம். கோட்டிங் எரியும் புகை கெட்டது. திறந்த வெளியில் செய்யுங்கள்.

நண்பருக்கு விற்க வேண்டாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்கும் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். 160 தோட்டாதானே என்று நினைத்து அந்தக் கோட்டின் அருகே போகாதீர்கள். சட்டத்தை விடுங்கள், அவருடைய ரைஃபிளின் தொண்டை எப்படித் தேய்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதில் ஏதாவது நடந்தால் அடிபடுவது அவர், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். கையில் நிரப்பிய தோட்டாவால் வரும் சேதத்தைத் துப்பாக்கி நிறுவனங்களின் உத்தரவாதமும் பொதுவாக ஏற்பதில்லை.

உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், சரி. இதைப் படிக்கும் ஹெச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் கவனிக்க: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதாவது 18 யு.எஸ்.சி. 922. இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்கு ஆகாது.

நண்பருக்கு உதவ வேண்டுமென்றால், மூக்கு திருத்திய ஐந்தாறு வெறும் குண்டுகளைக் கொடுங்கள். அவர் தன் குழல்வாயில் விட்டுப் பார்க்கட்டும், கம்பியை இறக்கித் தன் நீளத்தை அளக்கட்டும். பிறகு தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளட்டும்.